வெங்கச்சங்கல் கத்தி, ஆட்டெலும்பு ஊசி: வீட்டு மாடில கற்காலம் செஞ்சு பார்த்தது

கல்லுல கத்தி செய்யுறதுல கஷ்டமான வேலை கல்லை உடைக்கிறது கிடையாது, அதுக்குப் பிடி போடுறதுதான். இதை முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா யூடியூப்ல பாக்குற வீடியோ எல்லாம் சில்லு தெறிக்கிறதை ஸ்லோ மோஷன்ல திரும்பத் திரும்பக் காட்டிட்டு பிசின், நார், பிடி எல்லாத்தையும் கடைசி அரை நிமிஷத்துல ஓட்டி விட்டுடுவாங்க. நான் செஞ்சப்போ கை வச்சா கிழிக்கிற அளவுக்கு கூரான சில்லு சாயங்காலம் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே வந்துருச்சு, ஆனா அதை மூங்கில்ல ஆடாம உக்கார வைக்குறதுக்குள்ள உசுரு போயிடுச்சு.

மொத்தம் மூணு ஐட்டம் செஞ்சேன். குவார்ட்சைட் கல்லுல (மணற்கல் பூமிக்குள்ள இறுகி கெட்டியான கல்லு) கையால பிடிச்சு வெட்டுற சில்லும் கூடவே சுமாரா ஒரு கைக்கோடரியும் (பிடி இல்லாம கைலயே பிடிக்கிற, ரெண்டு பக்கமும் செதுக்குன கல்லு), வெங்கச்சங்கல்லுல, அதாவது வெள்ளை குவார்ட்ஸ்ல, குட்டிக் குட்டி சில்லு எடுத்து மூங்கில்ல பதிச்ச கத்தி, அப்புறம் ஆட்டெலும்புல ஒரு ஊசி. மூணுமே நம்ம பக்கத்துல நிஜமா கிடைச்ச கருவிகளைப் பாத்து செஞ்சது, ஐரோப்பாக்காரங்க மாதிரி பிளின்ட் (சக்கிமுக்கி) கல்லுக்கு நாம எங்க போறது.

சென்னைல இருக்கறவங்களுக்கு இந்த விஷயம் வாசல்லயே இருக்குங்க. 1863 மே 30ஆம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட்ங்கிற ஜியாலஜிஸ்ட் பல்லாவரத்துல ஒரு கப்பிக் குழில கைக்கோடரியைப் பாத்து எடுத்தாரு, அதே வருஷம் செப்டம்பர்ல வில்லியம் கிங்கோட சேந்து அதிரம்பாக்கத்துலயும் கண்டுபிடிச்சாங்க. அதிரம்பாக்கம் இங்கேர்ந்து ஒரு 60 கிலோமீட்டர், பூண்டி ஏரி தாண்டிப் போகணும். சாந்தி பப்புங்கிற தொல்லியல் ஆய்வாளரோட குழு அங்க தோண்டி 2011ல வெளியிட்ட கணக்குப்படி அந்தக் கைக்கோடரி எல்லாம் குறைஞ்சது 10 லட்சம் வருஷத்துக்கு மேல, சராசரியா 15 லட்சம் வருஷம். எல்லாமே பெரும்பாலும் குவார்ட்சைட். அல்லிக்குழி மலைப் பக்கத்துலேர்ந்து வர்ற உருண்டைக் கல்லுதான் அவங்களுக்கு ராமெட்டீரியல்.

அதுக்காக நேரா அங்க போய் கல்லு பொறுக்கிட்டு வந்துடாதீங்க, அது பாதுகாக்கப்பட்ட இடம், அங்க கிடக்குற ஒவ்வொரு சில்லும் எந்த மண்ணடுக்குல இருக்குங்கிறதுதான் அதோட மதிப்பே. நான் எடுத்தது வீட்டுக்கு முன்னாடி கார்டனுக்கு கொட்டுற ஆத்துக் கூழாங்கல் லோடுலேர்ந்து. அந்த லோடுல எல்லாக் கல்லும் கலந்து கிடக்கும், கிரானைட் நிறைய இருக்கும், அது வேலைக்கு ஆகாது, உடைச்சா பொரிபொரியா உதிரும். குவார்ட்சைட்டுலயும் விரிசல் இல்லாததை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னா ஒரு கல்லைக் கயித்துல தொங்கவிட்டோ உள்ளங்கைல லூசா வச்சோ இன்னொரு சின்னக் கல்லால தட்டிப் பாருங்க, உள்ள விரிசல் இல்லாத கல்லு ‘டிங்’னு கணீர்னு கேக்கும், விரிசல் விட்டது ‘டொக்’குனு செத்த சவுண்டு கொடுக்கும். அந்த டொக்கு கல்லை அப்பவே தூக்கிப் போட்டுருங்க, எவ்வளவு அழகான ஷேப்ல இருந்தாலும் சரி.

சேஃப்டி பத்தி ரெண்டு வார்த்தை, இது விளையாட்டு இல்ல. கண்ணாடி கட்டாயம், நம்ம மூக்குக்கண்ணாடி பத்தாது, வெல்டிங் கடைல போடுற மாதிரி பக்கவாட்டும் மூடுனது வேணும். தொடைல பழைய லெதர் பேக் வெட்டி மடிச்சுப் போட்டுக்கங்க. அதை விட முக்கியம் தூசி. குவார்ட்ஸ் தூசி நுரையீரல்ல போய் உக்காந்தா அப்படியே இருக்கும், குவாரில வேலை செய்யுறவங்களுக்கு வர்ற சிலிக்கோசிஸ் இதுனாலதான் வருது, அதனால ரூமுக்குள்ள செய்யவே கூடாது, மொட்டை மாடில காத்துக்கு முதுகைக் காட்டி உக்காந்து, என்95 மாஸ்க் போட்டு, கீழ தார்ப்பாய் விரிச்சு, முடிஞ்சதும் தண்ணி தெளிச்சுட்டுத்தான் கூட்டணும். வெறுங்காலோட யாரும் மாடிக்கு வரக் கூடாதுன்னு படிக்கட்டுல பேப்பர்ல எழுதியே ஒட்டிட்டேன்.

இப்ப அடி. எல்லாரும் பலம்தான் முக்கியம்னு நினைக்கிறாங்க, கிடையாது, ஆங்கிள்தான் எல்லாமே. கல்லுல நீங்க அடிக்கப் போற மேல் பரப்புக்கும் சில்லு கழண்டு வரப் போற பக்கவாட்டுக்கும் நடுவுல இருக்குற கோணம் 90 டிகிரிக்குக் கம்மியா இருக்கணும், ஒரு 70 வாக்குல இருந்தா சூப்பர். 90க்கு மேல போச்சுன்னா நீங்க பீமனா இருந்தாலும் சில்லு வராது, கல்லு நசுங்கும், இல்ல கை வலிக்கும், அவ்வளவுதான். உருண்டைக் கல்லுல இந்த கோணமே இருக்காது, அதான் முதல் சிக்கல், எங்கயாவது கொஞ்சம் தட்டையா சரிவா இருக்குற ஓரத்தைத் தேடிப் பிடிச்சு முதல் சில்லை எடுத்துட்டா அந்த வடுவே அடுத்த அடிக்கு மேடை ஆயிடும், அப்புறம் ஒண்ணு விட்டு ஒண்ணு வந்துட்டே இருக்கும்.

அடிக்குற கல்லு உள்ளங்கைல அடங்குற சைஸ்ல முட்டை ஷேப்புல கொஞ்சம் வெயிட்டா இருக்கணும். ஓரத்துலேர்ந்து கொஞ்சம் உள்ள தள்ளி, ஒரு அஞ்சாறு மில்லிமீட்டர், அங்க அடிக்கணும். ரொம்ப ஓரத்துல அடிச்சா ஓரம் மட்டும் பொடியாகும், ரொம்ப உள்ள அடிச்சா ஒண்ணும் நடக்காது. அடிக்கறதுக்கு முன்னாடி அந்த ஓரத்தை இன்னொரு கல்லால நாலு தடவை அரக்கு அரக்குனு தேச்சு விடணும், இதை யாரும் பெருசா சொல்றதில்ல, ஆனா மெல்லிசான ஓரம் அடியைத் தாங்காம நொறுங்கிடுது, தேச்சு மொண்ணையாக்கினா அந்த ஃபோர்ஸ் முழுசா உள்ள போய் நீளமா சில்லு உரியுது. தேச்ச ஓரத்துக்கும் தேய்க்காத ஓரத்துக்கும் வித்தியாசம் கண்ணாலயே தெரியும், ஒண்ணுல பாதி நீளத்துலயே படி விழுந்து நின்னுடும், இன்னொண்ணு கடைசி வரைக்கும் போகும்.

கழண்ட சில்லைத் திருப்பிப் பாத்தீங்கன்னா உள்பக்கம் அடி விழுந்த இடத்துக்குக் கீழ சின்னதா ஒரு புடைப்பு இருக்கும், அதுலேர்ந்து வட்ட வட்டமா மெல்லிசா அலை போகும். குவார்ட்சைட்ல அலை அவ்வளவு தெளிவா தெரியாது, வெயில்ல சாய்ச்சுப் பிடிக்கணும், ஆனா அந்தப் புடைப்பை விரல் வச்சாலே உணர முடியும். மியூசியத்துல கண்ணாடிக்குப் பின்னாடி இருக்குற கல்லுல இதைத்தான் தேடிப் பாக்குறாங்க, தானா உருண்டு உடைஞ்ச கல்லுல ஒரே பக்கமா வரிசையா இப்படி புடைப்பும் வடுவும் வராது. என் வீட்டு மாடில கிடந்த சில்லுலயும் அதே புடைப்பு இருந்ததைப் பாத்தப்போதான் பூண்டி அருங்காட்சியகத்துல இருக்குற கல்லு எனக்குப் புரிஞ்ச மாதிரி இருந்துச்சு.

கைக்கோடரி வேற லெவல் வேலை. ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி சில்லு எடுத்துட்டே ஓரத்தை நேர்கோட்டுக்குக் கொண்டு வரணும், ஒரு பக்கம் எடுத்த வடு அடுத்த பக்கத்துக்கு மேடை. கடைசில மெல்லிசாக்குறதுக்கு வெளிநாட்டுக்காரங்க மான் கொம்பு யூஸ் பண்ணுவாங்க. நம்ம ஊர்ல மான் கொம்பு, அதுவா உதிர்ந்து கிடந்தாலும், வீட்டுல வச்சிருந்தா வனவிலங்குச் சட்டத்துல கேஸ், அதனால அந்தப் பக்கமே போகல. புளியங்கட்டைல நல்லா காஞ்ச வேர்ப்பகுதி ஒண்ணு வச்சு அடிச்சேன், ஓரளவு வேலை செய்யுது, கட்டை சீக்கிரம் தேயுது. என்னோட கைக்கோடரி அதிரம்பாக்கத்துக் கல்லுக்குப் பக்கத்துல வச்சா அழுதுடும், ஒரு பக்கம் தொப்பை, முனை கோணல், ஆனா தேங்கா மட்டையைப் பிளக்குது, விறகுக் கட்டைப் பட்டையை உரிக்குது, வேற என்ன வேணும்.

அடுத்தது வெங்கச்சங்கல். ஊர்ல சின்ன வயசுல இருட்டுல ரெண்டை உரசி உள்ள ஆரஞ்சு கலர்ல வெளிச்சம் வர்றதைப் பாத்து விளையாடுவோமே, அதே வெள்ளைக் கல்லு, அதே கருகுன வாசனை. இது குவார்ட்சைட் மாதிரி சொன்ன பேச்சு கேக்காது, உள்ள எக்கச்சக்க விரிசல் ஓடும், கோணம் பாத்து அடிச்சாலும் அது தனக்குத் தோணுன இடத்துலதான் உடையும். அதுக்கு ஒரே வழி, கீழ ஒரு பெரிய தட்டையான கல்லு, அது மேல வெங்கச்சங்கல்லை நிக்க வச்சு, மேலேர்ந்து நேரா ஒரு போடு. மேலயும் கீழயும் ரெண்டு பக்கமும் அடி வாங்கி கல்லு நெட்டுக்குப் பிளக்கும். பாக்க முரட்டுத்தனமா இருக்கும், ஆனா இலங்கைல களுத்துறைப் பக்கம் ஃபாஹியன் குகைல 48 ஆயிரம் வருஷம் முன்னாடி குட்டிக் கருவி செஞ்சவங்களும் வெங்கச்சங்கல்லை இந்த முறைலதான் உடைச்சிருக்காங்க. விரலால நிக்க வச்சுப் பிடிக்காதீங்க, ஒரு தேங்கா நார் வளையத்துக்குள்ள வச்சு அடிங்க, நகம் மிஞ்சும்.

உடைஞ்சதுல முக்கால்வாசி குப்பைதான். மிச்சத்துல சுண்டு விரல் நகம் அளவுக்கு ஒரு பக்கம் கண்ணாடி போல கூரா இருக்குற துண்டுகளைப் பொறுக்கி எடுக்கணும். நம்ம தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கம் தேரில, அதாவது செம்மணல் மேட்டுல, சாயர்புரம், மெஞ்ஞானபுரம் மாதிரி இடங்கள்ல கிடைக்கிற நுண்கற்கருவி எல்லாம் இந்த சைஸ்தான், வெங்கச்சங்கல்லும் செர்ட்ங்கிற பிளின்ட் மாதிரி கெட்டிக் கல்லும் கலந்து, 1956லயே சாய்னர், பிரிட்ஜெட் ஆல்ச்சின்னு ரெண்டு தொல்லியல் ஆய்வாளர்கள் இதைப் பத்தி விரிவா எழுதிட்டாங்க. கூரான பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தை சின்னக் கல்லால மெல்ல மெல்லத் தட்டி வேணும்னே மொண்ணையாக்கணும். அந்த மொண்ணைப் பக்கம்தான் பிசின்குள்ள போற பக்கம், வழவழனு இருந்தா பிசின் பிடிக்காது, கரடுமுரடா இருந்தா கவ்விக்கும்.

இப்பதான் மெயின் மேட்டரு, பிசின். நாட்டு மருந்துக் கடைல குங்கிலியம் வாங்கினேன், கூடவே தேன்மெழுகு. மெழுகுவத்தி மெழுகு வேண்டாம், அது வழுக்கும். குங்கிலியத்தைத் தட்டி, துணில சலிச்சு, பழைய பால் பவுடர் டப்பால போட்டு கரி அடுப்புல ரொம்ப ரொம்ப சின்னச் சூட்டுல உருக்கணும். நெருப்பு நேராப் பட்டா பக்குனு பிடிச்சுக்கும், பக்கத்துல மூடியும் ஒரு வாளி மணலும் வச்சுக்கிட்டே செய்யுங்க. தனி குங்கிலியம் ஆறுனதும் கடகடன்னு காஞ்சு, பிடி லேசா மோதினாலே சில்லு சில்லா உடையும், அதுக்குத்தான் மெழுகு. அதுலயும் மெழுகு மட்டும் சேத்தா கொழகொழன்னு இருக்கு, உள்ள ஏதாவது தூள் போனாதான் பதம் வருது. நான் மூணு பங்கு குங்கிலியம், ஒரு பங்கு மெழுகு, ஒரு பங்கு நல்லா அரைச்ச அடுப்புக்கரின்னு போட்டேன். இன்னொரு கலவைல கரிக்குப் பதிலா காவிப் பொடி, அதுவும் நல்லாவே நிக்குது.

காவி போடுற ஐடியா என்னோடது இல்ல, தென்னாப்பிரிக்கால சிபுடு குகைல சுமார் 70 ஆயிரம் வருஷம் முன்னாடி மரப்பிசின்ல காவி கலந்து கல்லை ஒட்டியிருக்காங்கன்னு லின் வாட்லிங்கிற ஆய்வாளர் தானே செஞ்சு செஞ்சு பாத்து 2009ல சொன்னாங்க. சூடு எவ்வளவு, எது எவ்வளவு சேக்கணும், எப்ப இறக்கணும்னு ஒரே நேரத்துல மனசுல ஓட்டிக்கிட்டே செய்யணும், யோசிக்கத் தெரிஞ்ச மூளை இருந்தாதான் இது நடக்கும்ங்கிறது அவங்க வாதம். அந்த டப்பாவை வச்சுக்கிட்டு அடுப்பு முன்னாடி உக்காந்தப்போ இந்த வாதத்துக்கு நான் அப்படியே கையெழுத்துப் போட்டுருவேன். கல்லை உடைக்கிறதுல கண்ணும் கையும் போதும். பிசின்ல பொறுமை, மூக்கு, கணக்கு எல்லாம் வேணும்.

பதம் பாக்குறதுக்கு ஒரு குச்சியை முக்கித் தண்ணில ஆறவிட்டு வளைச்சுப் பாருங்க, டப்புனு உடைஞ்சா மெழுகு பத்தல, நகம் உள்ள இறங்குனா மெழுகு ஜாஸ்தி. மூங்கில்ல குவார்ட்சைட் சில்லாலயே நீளமா ஒரு பள்ளம் கீறினேன், இதுதான் இருக்கறதுலயே போரான வேலை, மூங்கில் பச்சையா இருக்கும்போதே செஞ்சா பாதி நேரம் மிச்சம். வெங்கச்சங்கல் துண்டுகளை நெருப்புக்கிட்ட வச்சு லேசா சூடு பண்ணிட்டுத்தான் பிசின்ல வைக்கணும், சில்லுன்னு இருக்குற கல்லுல பிசின் ஒட்டாம தோல் மாதிரி உரிஞ்சு வரும். விரலைத் தண்ணில நனைச்சுக்கிட்டு பிசினை அழுத்தி வழிச்சு விட்டா கைல ஒட்டாது.

கட்டுறதுக்கு நார். முதல்ல ரயில் கத்தாழைதான் ஞாபகம் வந்துச்சு, ஆனா அது அமெரிக்காலேர்ந்து வந்த செடி, அதோட சாறு பட்டா அரிப்பு வேற. மருள் செடி நம்மூர்து, வேலி ஓரமா வளரும், அந்தக் காலத்துல வில்லுக்கு நாண் முறுக்குனதும் இந்த நார்லதான். இலையைப் பலகை மேல வச்சு குவார்ட்சைட் சில்லோட கொஞ்சம் மொண்ணையான ஓரத்தால இழுத்து இழுத்து வழிச்சா சதை எல்லாம் போய் வெள்ளையா பட்டு போல நார் மட்டும் நிக்குது. புதுசா உடைச்ச கூர் ஓரம் இதுக்கு ஆகாது, நாரையும் சேத்து அறுத்துடும்.

எலும்புக்கு வரேன். கறிக்கடைல பாயா வாங்குனா கடைக்காரர் பழக்கத்துல டக்குடக்குனு வெட்டிடுவாரு, ‘அண்ணே வெட்டாம முழுசா குடுங்க’ன்னு முன்னாடியே சொல்லணும். முட்டிக்குக் கீழ குளம்புக்கு மேல இருக்குற நேரான எலும்புதான் வேணும். ஆட்டுக்கு அது ரெண்டு எலும்பு சேந்து ஒண்ணான எலும்பு, அதனால நடுவுல நெட்டுக்கு இயற்கையாவே ஒரு வாய்க்கால் ஓடும், அந்த வாய்க்காலை வெங்கச்சங்கல் சில்லால ரெண்டு பக்கமும் கீறிக்கிட்டே போய் ஆழமானதும் ஒரு கல் ஆப்பை வச்சு லேசா தட்டுனா நீட்டா ரெண்டு பாதியா பிரியுது. குக்கர்ல போட்ட எலும்பு வேணாம், விசில் வாங்குனதுக்கு அப்புறம் அது சுண்ணாம்புக் கட்டி மாதிரி பொறபொறன்னு ஆயிடும், பச்சை எலும்பைச் சுரண்டி ஊற வச்சுத்தான் எடுக்கணும். அப்புறம் அம்மிக்கல்லுல தண்ணியும் கொஞ்சம் மணலும் விட்டுத் தேச்சா முனை வருது. வாசனை பல் டாக்டர் கிளினிக்ல டிரில் போடும்போது வருமே அதே தான், வீட்டுல ஒருத்தரும் பக்கத்துல வரல. அம்மி பழசு, சமையலுக்கு யூஸ் பண்றதில்ல, அதனால தப்பிச்சேன்.

இந்த ஊசி ஷார்ப்னா அப்படி ஒரு ஷார்ப். செருப்புத் தோல்ல ஓட்டை போடுது, பாய் தைக்கலாம், நார் பிரிக்கலாம். ஆனா எலும்புல வெட்டுறதுக்கு ஓரம் தீட்டுனா அது நிக்காது, மீன் வயித்தைக் கிழிக்கும், வாழைத்தண்டு சீவும், அதுக்கு மேல போனா மழுங்கிடும், திரும்ப அம்மிக்குத்தான் போகணும். எலும்போட பலம் முனைலதான். வெங்கச்சங்கல்லுல மெல்லிசா நீளமா முனை எடுக்கவே முடியாது, பாதில ஒடியும், எலும்புல அது சர்வ சாதாரணம். அதே ஃபாஹியன் குகைல எலும்பு முனைகள் மட்டும் 130 கிட்ட கிடைச்சிருக்கு, குரங்கு எலும்புல செஞ்சது நிறைய, அம்பு முனையா யூஸ் பண்ணியிருக்காங்கன்னு 2020ல வந்த ஆய்வு சொல்லுது. மழைக்காட்டு மரத்து மேல இருக்குற குரங்கையும் அணிலையும் அடிக்கணும்னா அதோட எலும்பையே அம்பாக்கியிருக்காங்க.

எலும்பைக் கல்லு மாதிரியே சில்லு சில்லா உடைச்சும் கருவி செஞ்சிருக்காங்க. தான்சானியா ஓல்டுவாய்ல 27 எலும்புக் கருவிகள், யானை, நீர்யானை கால் எலும்புல அடிச்சு உடைச்சது, 15 லட்சம் வருஷம்னு 2025ல வந்துச்சு, அதாவது கிட்டத்தட்ட அதிரம்பாக்கத்துக் கைக்கோடரி வயசு. நானும் பாத்தேன், ஆட்டெலும்பு அதுக்கு ரொம்ப மெல்லிசு, நெட்டுக்குப் பிளக்குதே ஒழிய சில்லு தெறிக்க மாட்டேங்குது. யானை எலும்புக்கு நான் எங்க போக.

வெட்டிப் பாத்தது: உரிக்காத முழுக் கோழி ஒண்ணை வச்சேன். கையால பிடிச்ச குவார்ட்சைட் சில்லு தோலை கத்தியை விட ஸ்மூத்தா கிழிச்சுச்சு, மூட்டுல உள்ள வெள்ளை நாரு கூட ரெண்டு இழுப்புல போச்சு. பிரச்சனை என்னன்னா கொழுப்பு பட்டதும் சில்லு கைல வழுக்குது, பிடிக்க இடமில்ல, நாம அழுத்த அழுத்த எதிர் ஓரம் நம்ம விரலைத்தான் வெட்டப் பாக்குது. மூங்கில் கத்தில அந்த பயமே இல்ல, தாராளமா பலம் கொடுக்கலாம், நாலு துண்டு வரிசையா இருக்குறதால ரம்பம் மாதிரி இழுத்து அறுக்கும். ஒரு துண்டு கழண்டா அதை மட்டும் மாத்திக்கலாம், மொத்தக் கத்தியும் போகாது. இவ்வளவு பொடிக் கல்லை வச்சுக்கிட்டு தேரில என்ன பண்ணியிருப்பாங்கங்கிறதுக்கு எனக்கு கிடைச்ச பதில் இதுதான். ஒரு விஷயம், அந்தக் கோழியைச் சமைக்கல, கண்ணுக்குத் தெரியாத கல்லுத்துகள் கறில ஏறியிருக்கும், பல்லு போச்சுன்னா டாக்டர்கிட்ட என்னன்னு சொல்றது.

வெயிலும் டெஸ்ட் பண்ணிருச்சு. மாடில அக்னி நட்சத்திர வெயில்ல கத்தி கிடந்ததுல பிசின் இளகி துண்டுகள் ஒரு பக்கமா சாஞ்சுடுச்சு, கரி கலந்தது கருப்பு வேற, சூட்டை இழுத்துக்கும். மறுபடி சூடு காட்டி நிமித்தி, மேல மெழுகு கம்மியா போட்ட கலவையை ஒரு பூச்சு பூசுனதுக்கு அப்புறம் நிக்குது. நம்ம ஊர் வெயிலுக்கு மெழுகு ஒரு பங்குங்கிறது ஜாஸ்தி, முக்கால் பங்கு போதும்.

கடைசியா ஒரு ரிக்வெஸ்ட். உடைச்ச குப்பையைக் கொண்டு போய் ஏரிக்கரையிலயோ காலி மனையிலயோ கொட்டிடாதீங்க, முக்கியமா காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கம் இருக்கறவங்க. நேத்து உடைச்ச சில்லையும் லட்சம் வருஷத்துச் சில்லையும் மண்ணோட கலந்து கிடந்தா பாத்த உடனே பிரிச்சுச் சொல்றது கஷ்டம், நாளைக்கு யாராவது சர்வே வந்தா அவங்க பாடு திண்டாட்டம். நான் எல்லாத்தையும் சிமென்ட் சாக்குல கட்டி, பின்னாடி யாராவது பாத்தா இது இப்ப உடைச்சதுன்னு தெரியட்டும்னு உள்ள ஒரு அஞ்சு ரூபா காசும் வருஷம் எழுதுன பிளாஸ்டிக் துண்டும் போட்டு வச்சிருக்கேன், அடுத்து காம்பவுண்டுக்குள்ள கான்கிரீட் போடும்போது ஜல்லியோட ஜல்லியா உள்ள தள்ளிடலாம்னு மேஸ்திரிகிட்ட பேசியாச்சு.